காலனி பயன்பாட்டிற்கு மட்டும்

தோழர் பஞ்சாட்சரம் உயிரோடு இருந்தவரை அவர் மனைவி விஜயகுமாரி எந்தப் போராட்டத்திலும் கலந்துகொண்டதில்லை. கொள்கை விரோதம் ஒன்றும் கிடையாது. அவளுக்கு டீ போடும் வேலை இருந்தது. சமத்துவம் பற்றிப் பேச நாலு பேர் வருகிறார்கள் என்று சொல்லிவிட்டு அவர் பதினாலு பேரைக் கூட்டி வருவார். பெண்ணுரிமைக் கூட்டம் என்றால் ஆள் இன்னும் ஜாஸ்தி. அன்றைக்கு இரண்டாம் முறை ஓடிப் போய்ப் பால் வாங்கி வரவேண்டும். அடுப்படியில் நின்றபடி அவர் பேச்சுகளின் முன்பாதியை அவள் கேட்டிருக்கிறாள். பின்பாதி நடக்கும்போது டம்ளர் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஆகவே அவர் இறந்தபின் அவருடைய சங்கத்தார் அவளை மேடையில் ஏற்றி, இனிமேல் போராட்டத்தை இவர்தான் வழிநடத்துவார் என்று மைக்கில் அறிவித்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. எங்கே வழிநடத்துவது என்பதெல்லாம் பேச்சின் பின்பாதியில்தான் வந்திருக்கும். கீழ்ப்பாலேரி காலனியில் அவளுக்குப் பெயரே தோழரூட்டம்மா. அதில் தோழர் அவர், வீட்டம்மா இவள். மேடையில் அவளுக்குக் கிடைத்த இடமும் மாலை போட்ட அவர் படத்துக்குப் பக்கத்தில்தான். படத்துக்கு ஒரு மாலை, அவளுக்கு ஒரு சால்வை. வேலூர் வெயிலில் சால்வை போர்த்திக்கொண்டு ஆடாமல் உட்காருவதுதான் போராட்டம் என்றால் அதை அவள் திறம்படச் செய்தாள்.

ஆனால் அவளுக்கென்று ஒரு கோபம் இருந்தது. அது சங்கத்தின் கோபம் இல்லை, புருஷன் விட்டுப்போன கோபமும் இல்லை, அவளுடைய சொந்தக் கோபம்.

பஞ்சாட்சரம் இறந்தது போன வருஷத்துக்கு முந்தின வருஷம், கத்தரி வெயிலில். காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அவ்வளவுதான். ஒரே மகள் மோகனா குவைத்தில் நர்ஸ். எந்த விமானத்தைப் பிடித்தாலும் மறுநாள் மதியத்துக்கு முன்னால் வந்து சேர முடியாது. அதுவரை உடலை வைத்திருக்க ஊராட்சியில் ஒரு ஐஸ் பெட்டி இருந்தது. பொதுப் பணத்தில் வாங்கியது, கண்ணாடி மூடி போட்டது, கரண்டில் ஓடுவது. அதன் சாவி ஊர்ப்பக்கம் சீனிவாசனிடம் இருந்தது. அவருக்கு அப்போது ஊராட்சியில் பதவி எதுவும் இல்லை. பதவி இருந்த காலத்தில் கைக்கு வந்த சாவி, பதவி போனபிறகும் கையைவிட்டுப் போகவில்லை.

காலனியிலிருந்து போய்க் கேட்டார்கள். பெட்டி ரிப்பேர் என்றார் சீனிவாசன். மெக்கானிக் வந்துகொண்டிருக்கிறான், இதோ, மத்தியானத்துக்குள் அனுப்பிவிடுகிறேன் என்றார். அந்த 'இதோ'வை நம்பித்தான் அவர்கள் ஆம்பூருக்குப் போய் வாடகைப் பெட்டி எடுக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் ஐஸ் கட்டி வாங்கி வந்து போட்டார்கள். அந்த வெயிலில் அது தண்ணீராகி வாசல்வரை ஓடியது. சாயங்காலம் ஆனதும் பெரியவர்கள் மூக்கைத் துண்டால் பொத்திக்கொண்டு விஜயகுமாரியைப் பார்த்தார்கள், எடுத்துவிடலாம் என்றார்கள். அவள் தலையாட்டினாள். தன் வாழ்க்கையில் அவள் செய்த தப்புகளில் அந்தத் தலையாட்டலை மட்டும் அவளால் கேலி செய்ய முடிந்ததில்லை.

மோகனா வீடியோ காலில் இருந்தாள். போனைப் பிடித்திருந்தவனுக்குக் கை நடுங்கியது. அழுதுகொண்டே பிடித்திருந்தான், பாவம். மகளுக்குத் தெரிந்ததெல்லாம் மாலைகளும் சுற்றி நின்றவர்களின் தலைகளும்தான். "போன நேரா புடிக்கச் சொல்லும்மா, அப்பா மொகத்த காட்டச் சொல்லும்மா" என்று அவள் கத்தியது கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கேட்டது. மறுநாள் அவள் வந்தபோது பாலாற்றுக் கரையில் ஒரு மண்மேடு இருந்தது. அதற்கு மறுவாரம் ஊர்ப்பக்கம் ஒரு சாவு விழுந்தது. ரிப்பேர் ஆன பெட்டி அங்கே கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்ததை, வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில் போகும்போது விஜயகுமாரி பார்த்தாள்.

அவள் போராளி ஆனது அந்த பஸ் ஜன்னலில்தான். பெட்டி பொதுப்பெட்டி, எல்லோருக்கும் வரவேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். இதை மனுவாக எழுத அவளுக்குத் தெரிந்த ஒரே நடை புருஷனின் நடை. எனவே மனிதகுல வரலாற்றில் ஆரம்பித்தாள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் அதை வாங்கிய அலுவலர் இரண்டு பக்கம் வரை பொறுமையாகப் படித்தார், பிறகு தலையைத் தூக்கி, உனக்கு என்னம்மா வேணும் என்றார். ஐஸ் பொட்டி என்றாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். உயிரோடு இருக்கிற ஒருத்தி வீட்டு மனை கேட்காமல், தையல் மெஷின் கேட்காமல் இதைக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார்?

அடுத்த மனு ஒரே பக்கம். அதற்கடுத்தது அரைப்பக்கம். லீவு போட்டு லீவு போட்டு அலைந்ததில் கம்பெனியில் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். ஆம்பூர் ரோட்டில் உள்ள அந்த ஷூ கம்பெனியில் அவளுக்கு ஃபினிஷிங் பிரிவில் வேலை. தைத்து ஒட்டி வருகிற ஷூவில் பசைக்கறை, பென்சில் கோடு, விரல் தடம் எல்லாவற்றையும் துடைத்து, ஒருவர் கையும் படாத பொருள்போல ஆக்கி அனுப்ப வேண்டும். எதிர் நாற்காலியில் அஃப்ஸர் ஜஹான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி கஷ்டத்துக்கு மற்றவள் தன் மூக்குத்தியை அடகு வைத்துக் கொடுக்கும் அளவுக்குத் தோஸ்த்.

ஒரு வழியாக மேலிடத்திலிருந்து ஊராட்சிக்கு உத்தரவு வந்தது: காலனி மக்களுக்கும் ஐஸ் பெட்டி வசதி கிடைக்க ஆவன செய்க. கீழ்ப்பாலேரி ஊராட்சி யோசித்து, எல்லோருக்கும் சந்தோஷமான ஒரு முடிவு எடுத்தது. காலனிக்கென்றே புதுப்பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டது.

சங்கக் கட்டிடத்தில் திறப்பு விழா. சாமியானா, ஒலிபெருக்கி, தோரணம். சங்கச் செயலாளர் பாண்டியன் நன்றாகப் பேசுவான். அதைவிட நன்றாக ஃபிளெக்ஸ் அடிப்பான். ஃபிளெக்ஸில் பஞ்சாட்சரம் மேகத்துக்குள்ளிருந்து பெட்டியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விஜயகுமாரி ரிப்பன் வெட்டினாள். பெட்டியின் பக்கவாட்டில் எழுத வந்த பெயிண்டர், எழுத்து எந்த சைஸில் வேண்டும் என்று அவளைத்தான் கேட்டிருந்தான். நல்லா பெரிசா எழுதுங்க, ரெண்டு கோட்டிங் அடிங்க, மழைக்கும் வெயிலுக்கும் அழியக்கூடாது என்று அவள்தான் சொல்லியிருந்தாள். ஆகவே சிவப்பு எனாமலில், ஊரையும் காலனியையும் பிரிக்கிற ஓடையின் அந்தக் கரையிலிருந்து படிக்கிற அளவுக்கு, 'காலனி பயன்பாட்டிற்கு மட்டும்' என்று எழுதியிருந்தது. கை தட்டினார்கள். அவள் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேச்சின் பின்பாதியையும் பேசினாள். சாவிலும் சமத்துவம் வென்றுவிட்டது என்று முடித்தாள். சால்வை வந்தது.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் போட்டோவை அஃப்ஸர் ஜஹானிடம் காட்டினாள். அஃப்ஸர் ஜஹான் கையைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித்தான் தமிழ் படிப்பாள். படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்ப பழைய பொட்டி?" என்றாள்.

அது ஊர்ப்பக்கம் என்றாள் விஜயகுமாரி.

"அப்ப அவங்க பொட்டி அவங்களுக்கு, உங்க பொட்டி உங்களுக்கு. இதுக்கா விஜயா இத்தினி நாளு பேஜாரு பட்ட?"

விஜயகுமாரி கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. பஞ்சாட்சரத்தின் வாழ்நாள் போராட்டம் டீக்கடை ரெட்டை டம்ளர். ஊர் டீக்கடையில் காலனிக்காரர்களுக்குத் தனி டம்ளர், அதைக் கழுவ வேண்டியதும் அவர்களே. அதற்காக அவர் மறியல் செய்தார், கேஸ் போட்டார், ஒருமுறை மண்டை உடைந்து வேலூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கடைசியில் கடைக்காரர் எல்லோருக்கும் காகிதக் கப்பில் ஊற்ற ஆரம்பித்ததில் பிரச்சினை தீர்ந்தது. அன்று வீட்டுக்கு வந்து, ஜெயிச்சோமா தோத்தோமா என்றே தெரியவில்லை என்று அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படிப்பட்டவரின் பெண்டாட்டி இரண்டாவது டம்ளருக்கு ரிப்பன் வெட்டிவிட்டு வந்திருக்கிறாள். எழுத்தைப் பெரிதாக எழுதச் சொன்னதும் அவளே. அவருடைய எதிரிகள் இத்தனை வருஷத்தில் செய்ய முடியாததை அவள் ஒரே விழாவில் செய்து முடித்திருந்தாள்.

சாயங்காலம் வரும்போதே ஒரு பாட்டில் தின்னர் வாங்கி வந்தாள், எழுத்தை அழித்துவிட. பாண்டியன் தடுத்தான். எழுத்து இருப்பதால்தான் அது நம்முடையது, அழித்தால் ஊர்க்காரர்கள் அதையும் தூக்கிப் போய்விடுவார்கள் என்றான். காலனியும் அவன் பக்கமே நின்றது. வெயிலில் அழுகாமல் போக ஒரு வழி கிடைத்திருக்கிறது, அதைப் போய் வேண்டாம் என்கிறாளே, தோழரூட்டம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டதா என்று பேசிக்கொண்டார்கள். அவள் மறுபடி மனு எடுத்துப் போனாள்: தனிப்பெட்டி வேண்டாம், இரண்டையும் பொதுவாக்குங்கள். அதே அலுவலர். கேட்டதற்கும் மனு, கொடுத்ததற்கும் மனுவா என்று அவர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டியும் சிரித்தார். அவளும் சேர்ந்து சிரித்தாள், வேறென்ன செய்ய. தின்னர் பாட்டில் சங்கக் கட்டிடத்தில் பஞ்சாட்சரத்தின் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

இந்த வருஷக் கத்தரியில் சீனிவாசனின் அம்மா இறந்தாள்.

ஊர்ப்பெட்டியை எடுத்து மாட்டினார்கள், ஓடவில்லை. உள்ளே ஒயரை எலி கடித்து, மோட்டாரும் போயிருந்தது. அன்று பொய்யாகச் சொன்ன ரிப்பேர் இப்போது நிஜமாகவே வந்துவிட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் என்று போன் போட்டார்கள். அந்த வெயில் வாரத்தில் வயசானவர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லா வாடகைப் பெட்டியும் எங்கோ ஒரு வீட்டில் ஓடிக்கொண்டிருந்தது. ராணிப்பேட்டையில் ஒன்று இருக்கிறது, ராத்திரிதான் வரும் என்றார்கள். மத்தியானம் இரண்டு ஆட்களோடு ஒரு சின்ன வேனில் சீனிவாசன் காலனிக்கு வந்தார். ஓட்டுக் கேட்க அல்லாமல் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் முறை.

ஞாயிற்றுக்கிழமை. விஜயகுமாரி வீட்டில்தான் இருந்தாள். சங்கக் கட்டிடத்துக்கு அவளைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். போகும்போதே பாண்டியன் பக்கத்தில் வந்து காதோடு, "அக்கா, ரிப்பேர்னு சொல்லுங்க. அந்த ஒரு வார்த்த போதும்" என்றான்.

அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த வார்த்தையை அவள் எத்தனையோ நாள் ஒத்திகை பார்த்திருக்கிறாள். பாத்திரம் தேய்க்கும்போது, கம்பெனி பஸ்ஸில், ஷூவைத் துடைக்கும்போது. ஒரு நாள் கோபமாகச் சொல்லிப் பார்ப்பாள், ஒரு நாள் பரிதாபப்படுவதுபோல. அன்று சீனிவாசன் சொன்ன மாதிரியே எங்கோ பார்த்துக்கொண்டு, 'இதோ' சேர்த்துச் சொல்வதுதான் இருப்பதிலேயே நன்றாக வந்தது. அந்த நாள் நிஜமாகவே வரும் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. வந்தபோது பழைய நைட்டியும் மேலே துண்டுமாக இருந்தாள். வரலாறு சொல்லிவிட்டு வந்திருந்தால் ஒரு நல்ல புடவையாவது கட்டியிருப்பாள்.

சீனிவாசன் படியேறாமல் வெயிலில் நின்றிருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பஸ் ஸ்டாப்பில் பார்த்தால் அவளை 'இன்னாமே' என்பவர் இன்று விஜயாம்மா என்றார்.

"தங்கச்சி சிங்கப்பூர்ல இருந்து வருது, விஜயாம்மா. நாளைக்குக் காலைலதான் வந்து சேரும். அம்மா மொகத்தையாவது காட்டுங்கன்னு போன்ல அழுவுது."

அவர் அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. வார்த்தை நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஆனால் காதில் கேட்டது மோகனாவின் குரல்: போன நேரா புடிக்கச் சொல்லும்மா. இவருடைய தங்கையை அவள் பார்த்ததுகூட இல்லை. அவளும் ஒரு மகள்தான். ஏர்போர்ட்டில் எங்கோ ஒரு நாற்காலியில் உட்கார்ந்து போனைக் காதில் அழுத்திக்கொண்டிருப்பாள். இத்தனை நாள் பாலீஷ் போட்டு வைத்திருந்த வார்த்தையை விஜயகுமாரி விழுங்கினாள். உண்மையில் அவளுக்குத் தன்மேல் ஆத்திரம்தான் வந்தது.

"எடுத்துனு போங்க" என்றாள்.

பின்னால் பாண்டியன் நெற்றியில் அடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. சீனிவாசன் ஆட்களுக்கு ஜாடை காட்டினார். ஒருவன் வேனிலிருந்து மடித்த வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்தான். பெட்டியின் பக்கவாட்டில், எழுத்தின்மேல், அதைப் போர்த்தப் போனான். வரும்போதே கொண்டுவந்திருக்கிறார்கள். எழுத்து ஊர்த்தெருவில் தெரியக்கூடாது என்று வீட்டிலேயே யோசித்து, அளவு பார்த்து எடுத்து வந்திருக்கிறார்கள்.

"துணி வேணாம்" என்றாள் விஜயகுமாரி. "துணி போத்துனா எழுத்து உள்ள அப்படியேதான் இருக்கும். அழிச்சிட்டு எடுத்துனு போங்க. நீங்களே அழிங்க."

படத்துக்குப் பின்னாலிருந்து தின்னர் பாட்டிலை எடுத்துத் திண்டின்மேல் வைத்தாள். பக்கத்தில் ஒரு பழந்துணி. இதற்கு ஒத்திகை எதுவும் இல்லை; தானாக வந்தது. நேரம் இல்லையே என்றார் சீனிவாசன். வெயில் ஏறுகிறது என்றார். அவள் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் கொஞ்ச நேரம் பாட்டிலைப் பார்த்தார், பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறி வந்தார்.

முட்டி போட்டு உட்கார்ந்து கடைசியிலிருந்து துடைக்க ஆரம்பித்தார். 'மட்டும்' கலங்கியது. காலனி மொத்தமும் வாசலிலும் ஜன்னலிலும் நின்று பார்த்தது. ஊர்ப் பெரிய மனுஷன் சங்கக் கட்டிடத்தில், பஞ்சாட்சரம் படத்துக்குக் கீழே, முட்டி போட்டுத் துடைக்கிறார். இதைப் பார்க்கப் புருஷன் இல்லையே என்று விஜயகுமாரி நினைத்தாள். சரித்திரத்தில் இடம்பெற வேண்டிய காட்சி. பாண்டியன் போனை எடுத்து வீடியோ பிடிக்கத் தயாரானான்.

ஆனால் சீனிவாசனுக்குத் துடைக்கத் தெரியவில்லை. துணியில் தின்னரைக் கொட்டி வட்டவட்டமாகத் தேய்த்தார். எழுத்து போகவில்லை, கரைந்து பரவி, பெட்டியின் பக்கவாட்டு முழுக்க ரோஸ் நிறம் ஆகிக்கொண்டு வந்தது. விஜயகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். பார்க்காதே, அவரே செய்யட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவர் 'பயன்பாட்டிற்கு'வின் மேலும் அதே மாதிரி வட்டம் போட்டார். ஃபினிஷிங்கில் இத்தனை வருஷம் உட்கார்ந்தவளுக்கு அது கண்ணைக் குத்தியது. இப்படி ஒரு ஜோடி லைனில் வந்தால் நேராக ரிஜெக்ட்தான்.

"அப்பிடி இல்ல" என்று துணியைப் பிடுங்கினாள். "ஒரே பக்கமா இழுக்கணும். துணிய மாத்தி மாத்தி மடிக்கணும்."

அவ்வளவுதான், சரித்திரம் கெட்டது. பாண்டியன் போனை இறக்கிவிட்டான். ஊர்ப் பெரிய மனுஷன் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, தோழரின் மனைவி வேர்க்க வேர்க்கத் துடைத்தாள். இரண்டு கோட்டிங் அடிக்கச் சொன்ன புத்திசாலி யார் என்று அவள் வாய்விட்டே திட்டிக்கொண்டாள். யார் என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள். 'காலனி' போவதற்குள் பாட்டில் காலியாகிவிட்டது. கடைசி எழுத்தை நகத்தால் சுரண்டினாள். பெட்டி வெறும் பெட்டியாக வேனில் ஏறியது.

வேன் ஓடையைத் தாண்டி மறைந்தபின்தான் அவளுக்கு ஞாபகம் வந்தது. இரண்டு பெட்டியும் பொது என்று எழுதி வாங்கியிருக்கலாம். சாவி கேட்டிருக்கலாம். மன்னிப்புக்கூடக் கேட்க வைத்திருக்கலாம். இவ்வளவு நல்ல பேரம் கையில் இருந்தும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் பாதி அவளே செய்து கொடுத்துவிட்டாள். பாண்டியன் இதை அன்று ராத்திரிவரை அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தான்.

காலையில் வேலைக்குப் போகாமல் சாவு வீட்டுக்குப் போனாள். எதற்குப் போனாள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. பெட்டி சரியாக ஓடுகிறதா பார்க்க என்று சொல்லிக்கொண்டாள். சாமியானாவின் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் எழுந்திரு என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. டீ வந்தது, எல்லோருக்கும் போலக் காகிதக் கப்பில். புருஷனை நினைத்து உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். ஜெயித்தாளா தோற்றாளா என்று அந்தக் கப்பைப் பார்த்து அவளாலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கார் வந்து நின்றது. சிங்கப்பூர்த் தங்கை செருப்போடு ஓடிவந்து கண்ணாடிமேல் விழுந்தாள். அம்மாவின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தை வைத்துக்கொண்டாள், கண்ணாடிக்கு மேலேயே கன்னத்தைத் தடவினாள். "தூங்குற மாதிரியே இருக்கியேம்மா" என்றாள். விஜயகுமாரிக்கு அழுகை எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. புருஷன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழுததில்லை. அன்று ஐஸ் தண்ணீரைக் கூட்டித் தள்ளவே நேரம் சரியாக இருந்தது. மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். இந்த அம்மாவுக்குக் கிழவிமேல் எவ்வளவு பாசம் பாரு என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். கிழவி உயிரோடு இருந்தபோது விஜயகுமாரியைத் தெருவில் பார்த்தால் புடவையை இழுத்துக்கொண்டு ஒதுங்கிப் போவாள். அதைச் சொல்லித் திருத்த அது இடம் இல்லை.

காரியம் முடிந்த வாரம் பாண்டியன் ஓடிவந்தான். அவன் சொன்னது பலித்துவிட்டது: பெட்டி காலனிக்குத் திரும்பவில்லை. ஊராட்சிக் கட்டிடத்தின் பின்கொட்டகையில் கிடக்கிறது. விஜயகுமாரி போனாள். இரண்டு பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. பழையதுக்கு ஒயர் மாற்றி, மோட்டார் மாற்றி, புதுசுபோலவே துடைத்து வைத்திருந்தார்கள். ஒரே கம்பெனி, ஒரே மாடல். சீனிவாசன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெக்கானிக் ரெண்டையும் வெளிய எடுத்துப் போட்டு மாத்தி வெச்சிட்டுப் போய்ட்டான்" என்றார். "எது எதுன்னு எனக்குத் தெரியல. உங்களுது எது, பாத்துச் சொல்லுங்க. அனுப்பி வெச்சிட்றேன்."

கதவுப்பக்கம் நின்றதுதான் காலனிப் பெட்டி. அதன் அடிவிளிம்பில் அவள் நகம் சுரண்டிய கீறல் இருந்தது. துடைத்தவள் கண்ணுக்கு அது அங்கே நின்றே தெரிந்தது. குனிந்து இரண்டையும் நன்றாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவர் ஒரு நாள் ஒரு பொய் சொன்னார். பதிலுக்குத் தானும் ஒன்று சொன்னால் தப்பில்லை என்று தோன்றியது.

"எனக்கும் தெரியலியே" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியாதப்ப ரெண்டும் இங்கியே இருக்கட்டும்" என்றாள். "எந்தப் பக்கம் சாவு விழுந்தாலும் கதவுகிட்ட எது இருக்குதோ அத எடுத்துனு போவட்டும். சாவி ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்."

சீனிவாசன் ரொம்ப நேரம் மேலே கொட்டகைத் தகரத்தைப் பார்த்தார். பிறகு வளையத்திலிருந்து ஒரு சாவியைக் கழற்றினார். அவள் கையில் கொடுக்கவில்லை, பெட்டியின்மேல் வைத்தார். அவள் எடுத்துக்கொண்டாள். அவர் கைக்கும் அவள் கைக்கும் நடுவில் இன்னும் அந்த ஒரு சாண் தூரம் இருந்தது. அதை அவள் கவனிக்காமல் இல்லை. அதற்கு ஒரு தின்னரும் ஆம்பூரில் விற்பதில்லை.

அதோடு தீர்ந்துவிட்டது என்று யாராவது நினைத்தால் அவர்கள் கீழ்ப்பாலேரியை அறியாதவர்கள். அடுத்த மாதமே ஒரு பெட்டியின் மூலையில் ஊர்ப்பக்கத்து யாரோ சாக்பீஸால் சின்னதாக ஒரு வட்டம் போட்டு வைத்திருந்தார்கள், இது நம்முடையது என்ற ஊகத்தில். ஊகமும் தப்பு, அது காலனிப் பெட்டி. விஜயகுமாரி துடைத்தாள். பிறகு மார்க்கர் பேனாவில் ஒரு புள்ளி வந்தது. ஒருமுறை பாண்டியனே நீல நிறத்தில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டி, கையும் களவுமாக மாட்டிக்கொண்டான். அவனை உட்கார வைத்து அவனையே உரிக்க வைத்தாள். வாரம் ஒருமுறை துணியும் பாட்டிலுமாகக் கொட்டகைக்குப் போய்வருவது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. சமத்துவத்துக்கான மாபெரும் போராட்டம் என்று மேடையில் சொல்கிறார்களே, அதில் அவள் பங்கு இந்தத் துடைக்கிற வேலைதான். கம்பெனியிலும் அதே வேலை; அங்கே மாசமானால் சம்பளம் உண்டு.

அப்படி ஒரு நாள் கொட்டகையைப் பூட்டிவிட்டு வரும்போது மோகனா வீடியோவில் வந்தாள். டியூட்டி முடிந்து கொண்டைகூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள். பெட்டிக் கதை முழுக்க அவளுக்குத் தெரியும். சிங்கப்பூர்த் தங்கை கண்ணாடியில் முகம் வைத்துக்கொண்டதைத்தான் அம்மா சொல்லியிருக்கவில்லை. இன்று எப்படியோ வாயில் வந்துவிட்டது. அதைக் கேட்ட மோகனா, இத்தனை நாள் கேட்காததைக் கேட்டாள்.

"அப்பா மொகம் எப்பிடிம்மா இருந்துச்சு, அன்னிக்கு?"

விஜயகுமாரி ரோட்டோரம் நின்றுவிட்டாள். மகள் கேட்கவில்லையே என்று அவள் நிம்மதியாக இருந்தாள். கேட்டால் அம்மா தாங்கமாட்டாள் என்று மகள் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

"மீட்டிங்குக்கு நேரமாச்சு, இன்னும் டீ வரலியேன்னு என்ன பாக்கற மொகந்தான்டி" என்றாள்.

மோகனா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறாக மாறியது. "வெளையாடாத. முழுசா சொல்லும்மா" என்றாள்.

விஜயகுமாரி துணியையும் பாட்டிலையும் கீழே வைத்தாள். இரண்டு கையாலும் போனை ஆடாமல் நேராகப் பிடித்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து ஆரம்பித்து, ஒன்று விடாமல், மகளுக்குச் சொல்லத் தொடங்கினாள்.